பக்கத்து நிறம்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புடவையின் நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் உள்ளே நின்று பேசக் கூடாது. புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டும். அப்பா வைத்த வழக்கம். காஞ்சிபுரத்தில் பட்டை நம்பிப் பிழைக்கும் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான், ஆனாலும் அப்பா இதில் கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு. மழை மூட்டமாக இருந்தாலோ விளக்கு வைத்த பிறகோ, யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நிறத்துக்கு உறுதி சொல்ல மாட்டார். "காலையில வாங்க, பார்த்துக்கலாம்" என்பார். அப்படிப் போனவர்கள் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதும் உண்டு. அப்பா அசரமாட்டார்.

இது வெளிச்சம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நூல் சிட்டங்கள் பகலில் வேறு வேறாகத் தெரியும். சாயக் கலவை வேறாக இருந்தால் ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரிந்துவிடும். அதற்காக வெளியே போகிறோம், அவ்வளவுதான் என்று இருந்தேன். அது பாதிதான். மீதியை எனக்குக் காட்டியவர் எங்களுக்கு நெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர். அவர் காட்டும்படி ஆன விதம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

2009, ஐப்பசி மாதம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா தங்கை இருவருக்கு ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம். இரண்டு புடவைக்கும் ஒரே அரக்கு பார்டர் வேண்டும், உடல் மட்டும் அக்காவுக்கு இலைப்பச்சை, தங்கைக்குச் செந்தூரம் என்று அவர்கள் அம்மா கேட்டிருந்தார். அரக்கு நூலை ஒரே தொட்டியில், ஒரே நாளில் சாயம் ஏற்றி வாங்கினேன். அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன்.

புடவைகள் வந்தன. மேசைமேல் பிரித்துப் போட்டேன். பச்சைப் புடவையின் பார்டர் அப்படியே தகதகவென்று, நல்ல ரத்தச் சிவப்போடு எழுந்து நின்றது. செந்தூரப் புடவையின் பார்டர் செத்துப்போய்க் கிடந்தது. கருத்து, மங்கி, லேசாகக் கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஒரு சாயல் வேறு. ஒரே நூல் என்று குழந்தைகூட சொல்லாது.

இங்கே தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாதாரண பார்டர் என்றால் உடலுக்குக் குறுக்காக ஓடும் ஊடை நூலேதான் பார்டருக்குள்ளும் ஓடும். அப்போது பார்டரின் நிறம் உண்மையாகவே மாறும்; பச்சை ஊடை போனால் ஒரு மாதிரி, செந்தூர ஊடை போனால் இன்னொரு மாதிரி. ஆனால் இவை இரண்டும் கோர்வைப் புடவைகள். கோர்வையில் பார்டருக்குத் தனி நாடா, அதாவது ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை. உடலின் நூல் பார்டர் எல்லையில் கோத்துக்கொண்டு திரும்பிவிடும், உள்ளே நுழையாது. நீளவாக்கில் ஓடும் பாவும் அரக்கு, ஊடையும் அரக்கு. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் வினை. ஊடை மாறியிருக்க வழியே இல்லை, அப்படியென்றால் நூல்தான் மாறியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன்.

"என்னண்ணா, ரெண்டுக்கும் ஒரே நூலா போட்டீங்க?"

"ஆமா பாப்பா. நீ கொடுத்த நூல்தான்."

"பார்த்தா அப்படித் தெரியலையே. பாதி நூலை வெளியில விட்டுட்டு வேற வாங்கிப் போட்டீங்களா?"

கடையில் வாங்க வந்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைவிடப் பத்து வயது பெரியவர் அவர். நான் பாவாடை கட்டின காலத்திலிருந்து என்னைப் பாப்பா என்று கூப்பிடுபவர். பதில் எதுவும் சொல்லாமல் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். கத்தரியால் அதில் பட்டாணி அளவுக்கு இரண்டு துளைகள் வெட்டினார். இரண்டு புடவைகளையும் வாசற்படிக்குக் கொண்டுபோய்ப் பார்டர்கள் அடுத்தடுத்து வருகிற மாதிரி வைத்து, தாளின் வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி போர்த்தினார். ஜரிகை வராத இடமாகப் பார்த்துத் துளைகளை நகர்த்தினார்.

ஒரு துளையில் பச்சைப் புடவையின் அரக்கு. இன்னொன்றில் செந்தூரப் புடவையின் அரக்கு.

இரண்டும் ஒன்று. ஏறக்குறைய ஒன்று என்பது இல்லை. ஒரே தொட்டியில் முக்கி எடுத்த ஒரே நிறம். நான் தாளைத் தூக்கினேன், வேறாகிவிட்டது. மறுபடி போர்த்தினேன், ஒன்றாகிவிட்டது. நான்கைந்து தடவை அப்படிச் செய்திருப்பேன்.

"நூல் ஒண்ணுதான்" என்றார். "பக்கத்து வீடுதான் வேற."

அந்தக் காலண்டர் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். மடிப்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

இதே சண்டை பாரிஸில் 200 வருஷத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அங்கே கோப்ளான் என்று அரசாங்கத்தின் திரைச்சீலை நெசவுக்கூடம் ஒன்று, பெரிய பேர் பெற்றது. 1824-ல் மிஷேல் யூஜென் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞரை அதன் சாயப்பட்டறைக்குத் தலைவராகப் போட்டார்கள். அதுவரை கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று, கறுப்புச் சாயம் சரியில்லை என்பது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் நிழல் காட்ட வைத்து நெய்தால் கறுப்பு வெளிறிப்போகிறது என்றார்கள். ஷெவ்ரல் வேறு பட்டறைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து ஒப்பிட்டார். கோப்ளானின் கறுப்பில் குறையே இல்லை. குறை பக்கத்து நூலில். எந்த நிறமும் தன்னை ஒட்டி இருக்கும் நிறத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று நகர்ந்து தெரிகிறது. நீலத்தை ஒட்டிய கறுப்பில் ஆரஞ்சுச் சாயல் ஏறுகிறது, அதனால் வலுவிழந்து நிற்கிறது. இதை வருஷக்கணக்காகச் சோதித்து 1839-ல் புத்தகமாகவே போட்டார். ஓவியர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். அவர் 102 வயது வரை இருந்தார்.

என் புடவைகளுக்கும் அதே கணக்குதான். பச்சைக்கு எதிர் நிறம் சிவப்பு, அதனால் பச்சையை ஒட்டிய அரக்கு சிவந்தது. செந்தூரம் தன்னை ஒட்டிய அரக்கிலிருந்த சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலச்சாயலை விட்டுவைத்தது. சாயப்பட்டறைக்காரர் மேலும் தப்பில்லை, நெய்தவர் மேலும் தப்பில்லை.

ஷெவ்ரலைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது அந்தச் சாயக்காரர்களைப் பற்றித்தான். அவர் வருகிறவரைக்கும் எத்தனை பேர் பேச்சு வாங்கியிருப்பார்கள்? நல்ல கறுப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "இது கறுப்பா?" என்ற பேச்சை எத்தனை தடவை கேட்டு நின்றிருப்பார்கள்?

கண் ஏன் இப்படிச் செய்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. வெயிலில் கிடக்கும் கரித்துண்டு, வீட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தாளைவிட அதிக வெளிச்சத்தைக் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆனால் நமக்குக் கரி கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவும்தான் தெரிகிறது. வந்து சேரும் வெளிச்சத்தை மூளை அப்படியே நம்புவதில்லை. சுற்றிலும் என்ன இருக்கிறது, வெயிலா நிழலா என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டுத்தான் நிறம் சொல்கிறது. இந்தக் கழித்தல் இல்லையென்றால் மர நிழலில் நடந்துவரும் வெள்ளை வேட்டிக்காரர் ஒவ்வொரு அடிக்கும் நிறம் மாறுவார். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர், பார்ப்பது என்பதே நாம் அறியாமல் செய்யும் ஊகம் என்று எழுதிவிட்டார். அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் தப்பும்போது நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

1995-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடெல்சன் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பலகைமேல் ஒரு உருளை, அதன் நிழல் கட்டங்களின் மேல் விழுகிறது. நிழலுக்கு வெளியே இருக்கும் ஒரு கறுப்புக் கட்டமும் நிழலுக்குள் இருக்கும் ஒரு வெள்ளைக் கட்டமும் அச்சு அசலாக ஒரே சாம்பல் நிறம். சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டோம். அதிலும் சுற்றியுள்ளதை மறைத்து இரண்டு கட்டத்தை மட்டும் தெரியவிட்டால்தான் உண்மை வெளிப்படும். பெரியவரின் காலண்டர் தாள் செய்ததும் அதேதான். பௌர்ணமியன்று அடிவானத்தில் எழும் நிலா பெரிதாகத் தெரிகிறதே, அதையும் காகிதத்தைச் சுருட்டிக் குழாய் வழியாகப் பாருங்கள். மரங்களும் வீடுகளும் மறைந்ததும் பெரும்பாலோருக்கு நிலா சுருங்கிவிடும். உச்சிக்குப் போனாலும் அதன் அளவு அதுவேதான், கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துவிடலாம்.

இதில் என்னை யோசிக்க வைப்பது என்னவென்றால், உண்மை தெரிந்த பிறகும் கண் திருந்துவதில்லை. எனக்கு இதெல்லாம் தெரிந்து இத்தனை வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அரக்கைச் செந்தூரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் செத்துத்தான் தெரிகிறது. உற்றுப் பார்த்தாலும் அப்படித்தான், ஒரு மணி நேரம் பார்த்தாலும் அப்படித்தான். நிதானமாகப் பார், பொறுமையாகப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிதானம் மட்டும் போதாது. பக்கத்தில் இருப்பதை எடுக்காமல் நிதானமாகப் பார்த்தால் அதே தப்பைத்தான் நிதானமாகச் செய்வோம்.

மனிதர்கள் விஷயத்திலும் இது அப்படியே இருக்கிறது. 2006-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விடப்பட்டவர்கள் சொன்ன பதில்களோடு இந்தக் கண்ணிமைப்பு நேரப் பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது முக்கியமாக ஏறியது தாங்கள் சொன்னதில் அவர்களுக்கு இருந்த உறுதிதான். முதலில் தோன்றியதை வைத்துக்கொண்டு அதற்குத் தூண் கட்டுகிறோம்.

அன்றைக்கு நான் அப்படிக் கட்டிய தூண்களை இப்போது எண்ணிப் பார்க்க முடிகிறது. புடவை பத்து நாள் தாமதமாக வந்திருந்தது. அவர் கண் சிவந்திருந்தது. போன மாதம் முன்பணம் கேட்டு வாங்கியிருந்தார். வேறொருவர் பற்றி, நூலை விற்றுவிட்டார் என்று அந்த வாரம்தான் ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது. அவரைப் பற்றி அல்ல, வேறொருவர் பற்றி. இவை எல்லாம் பக்கத்தில் கிடந்தன, நடுவில் ஒரு பார்டர் கருத்துத் தெரிந்தது. இவற்றில் எதுவும் நூலைப் பற்றிய சாட்சியம் கிடையாது.

எதிர்ப்பக்கமாகவும் ஏமாந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஜரிகை விற்க ஒருவர் வந்தார். ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரிய மனிதரோடு வந்து, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சு சுத்தம், உடை சுத்தம். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும், அதன்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கும் மேல் பொன் முலாம். யாரிடம் வாங்கினாலும் ஒரு முனையைச் சுரண்டிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. அன்றைக்குச் சுரண்டவில்லை. பக்கத்தில் இருந்தவரின் நிறம் இவர்மேல் ஏறித் தகதகவென்று தெரிந்தார். நெய்யக் கொடுத்த பிறகுதான் செப்புக் கம்பி என்று தெரிந்தது. நல்லவேளை, ஒரு புடவையோடு போயிற்று.

அதற்கப்புறம்தான் எனக்கென்று சில பழக்கங்கள் வந்தன. கடைக்கு வேலை கேட்டு வருபவர்களை யாரோடும் சேர்த்து வைத்துப் பேசுவதில்லை. நன்றாகப் பேசும் ஒரு பெண்ணுக்கு அடுத்து வருபவள் சாதாரணமாகப் பேசினாலும் மந்தமாகத் தெரிவாள், அது அவள் தப்பல்ல. அதனால் ஒரு நாளைக்கு ஒருவர்தான். யார்மேலாவது கோபம் வந்தால், என் கையில் இருப்பது என்ன, பக்கத்தில் கிடப்பது என்ன என்று பிரித்துச் சொல்லிப் பார்க்கிறேன். வாய்விட்டே சொல்கிறேன், மனசுக்குள் சொன்னால் இரண்டும் கலந்துவிடுகின்றன. பில் போடும் தம்பி என்னை ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

2015 பிப்ரவரியில் ஒரு கவுன் படம் உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். நீலமும் கறுப்பும் என்று பாதிப் பேர், வெள்ளையும் தங்கமும் என்று பாதிப் பேர். அசல் கவுன் நீலமும் கறுப்பும்தான். எங்கள் கடையில் நானும் என் தங்கையும் அந்த வாரம் பேசாமலே இருந்தோம் என்று சொல்லலாம், அவளுக்கு வெள்ளை, எனக்கு நீலம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் வாலிஷ் 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2017-ல் எழுதினார்: கவுன் நிழலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. விடியற்காலையில் எழுந்துகொள்பவர்கள் வெள்ளைப் பக்கம் கூடுதலாகவும், ராத்திரி வெகுநேரம் விழித்திருப்பவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அதிகம் வாழ்ந்த கண், நீலச் சாயலை நிழலென்று கழித்துவிடுகிறது என்பது அவர் கணிப்பு. என் தங்கை நாலு மணிக்கு எழுபவள். நான் கணக்கு முடித்துப் படுக்கப் பன்னிரண்டு ஆகும். இதைப் படித்துக்காட்டினேன். அவளோடு இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அவள் பொய் சொல்லவில்லை, அடம்பிடிக்கவில்லை, அவளுக்கு உண்மையிலேயே வேறு ஒன்று தெரிகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எத்தனை பழைய சண்டைகள் ஞாபகம் வந்தன.

மயில்கழுத்துப் புடவை கேட்டு வருபவர்கள் மட்டும் இந்தச் சண்டை போடுவதில்லை. நீலப் பாவில் பச்சை ஊடை; மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். நீலமா பச்சையா என்று யாரும் கேட்பதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த புடவை அதுதான்.

சரி, பெரியவரிடம் வருகிறேன்.

அன்றைக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இன்னும் சேறு. அவருடையது குழித்தறி, உட்கார்ந்து மிதிக்க வேண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் ஊறி நின்று, அவரும் அவர் மனைவியும் பத்து நாளாக வாளியால் இறைத்துக் கொட்டியிருக்கிறார்கள். பாவு நனையாமல் இருக்கப் பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டியிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு இரண்டு ராத்திரி முழுக்க விழித்து நெய்து முடித்துக் கொண்டுவந்தது அந்தச் செந்தூரப் புடவை. கண் சிவந்தது அதனால்.

"தப்பா பேசிட்டேன்ணா, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அதனால என்ன" என்றார். காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

நெய்பவர்களுக்கு நூலை நிறுத்துக் கொடுப்போம். நெய்து வந்த புடவையையும் நிறுத்துப் பார்ப்பது தொழிலில் வழக்கம். ஆனால் அவர் கொண்டுவரும் புடவையை அப்பா ஒரு நாளும் தராசில் வைத்ததில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார். நானும் அப்படியேதான் செய்துவந்தேன்.

அடுத்த புடவை தை மாதம் வந்தது. வாடாமல்லி உடல், பச்சை பார்டர், ஒரு குறை சொல்ல முடியாத நெசவு. நான் கைநீட்டினேன். அவர் என்னிடம் கொடுக்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"நிறுத்துப் பாருங்க மேடம்" என்றார்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் எங்களுக்கு நெய்தார். கடைசிப் புடவை வரைக்கும் அப்படித்தான், தராசு முள் நிற்கிறவரை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பாப்பா என்று கூப்பிடவே இல்லை.